புழுவுக்கு வெட்டிய பள்ளம்

பாம்பைப் பார்த்தால் நான் ஓடமாட்டேன். ஒரு குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று பார்ப்பேன். அது தன் வழியில் போனால் விட்டுவிடுவேன், என் பக்கம் திரும்பினால் அடித்துப்போடுவேன். கம்பளிப்புழு விஷயம் அப்படியில்லை. இன்றைக்கும் முருங்கை மரத்தில் ஒன்றைக் கண்டுவிட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிட்டுப் போய், செருப்புக் காலால் அதைத் தேய்த்துவிட்டுத்தான் திரும்புவேன். கிறுக்கு என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளில் எங்களுக்குப் பெருந்துறைக்குத் தெற்கே ஒரு காடு இருந்தது. காடு என்றதும் மரமும் மிருகமும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலம் தோட்டம், வானத்தைப் பார்த்துக் கிடக்கிற நிலம் காடு. என் மாமனார் அதை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பாதியை மூத்தவருக்கும் கிழக்குப் பாதியை இளையவருக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மூத்தவர் என் வீட்டுக்காரர். இளையவர் என் தங்கச்சி புருஷன். அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கச்சியைக் கட்டி வைத்தால் பந்தல் செலவு ஒன்றோடு போய்விடும் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். எங்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அதற்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் குனிந்து களை வெட்டிக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்போம்.

நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு முந்தின இரண்டு வருஷமும் கடலைக்காய் பொய்த்துப்போயிருந்தது. ஒரு வருஷம் காய்ந்தது, அடுத்த வருஷம் பூ இறங்குகிற சமயத்தில் வெயில் கொளுத்தி எல்லாம் பொக்குக் காயாகப் போனது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர். அந்த வருஷம் விதைப்புக்குக் காய் உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இந்த வெள்ளாமையும் ஊடு வந்து சேரலைன்னா காட்டைக் குடுத்துப்போட்டு சூலூர்ப் பக்கம் தறிக்குப் போயர்றதுதான்." அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. காட்டைக் கேட்டு ஏற்கெனவே ஒரு ஆள் வந்து போயிருந்தான், கம்பெனி ஷெட் கட்டுவதற்கு. பவர்லூம் சத்தத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் என்ற நினைப்பே எனக்கு ஆகவில்லை. அந்தக் கடலைக்காய் முளைத்ததிலிருந்து நான் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்தேன். அது நின்றால் காடு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இனி மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பளிப்புழுவுக்குத் தாய் அந்துப்பூச்சி. அது மண்ணுக்குள் கூடாகக் கிடந்து, பலமான முதல் மழை மண்ணை நனைத்த பிறகுதான் வெளியே வரும். முன்னெல்லாம் சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு பேய்மழை பெய்யும். ஓடையெல்லாம் தண்ணீர் ஓடும். அடுத்த ஓரிரு நாளில் பொழுது சாயும்போது பூச்சி கிளம்பும், ஊர் முழுக்க ஒரே சமயத்தில். அன்றைக்கு எல்லாக் காட்டிலும் தீ மூட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். பழைய டயர், வைக்கோல், சோளத்தட்டு, எது கிடைக்கிறதோ அது. யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஒருவன் காட்டில் புகை தெரிந்தால் மற்றவன் கொளுத்துவான். பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வந்து தீயில் விழுந்து பொரியும். அந்த வாடை இரண்டு நாளைக்குத் துணியில் இருக்கும். தப்பித்த ஒன்றிரண்டு முட்டை வைத்தாலும் காட்டில் அப்போது பயிர் இருக்காது. பொரிந்த புழு களைச்செடியை மேய்ந்துவிட்டுப் பாதி பட்டினியில் சாகும், மீதி உழவில் சாகும். ஆனி கடைசியில், ஆடியில் நாங்கள் விதைக்கும்போது காடு சுத்தமாக இருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் மழை இல்லை, வைகாசியிலும் இல்லை. வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. வேலிக் கள்ளியே சுருங்கிப்போனது. ஆனியில் ஒரு பட்டும் படாத மழை பெய்தது. மண்ணின் மேல்தோல் நனைந்தது, அவ்வளவுதான். பட்டம் தவறிவிடும் என்று ஊரே அந்த ஈரத்தில் விதைத்தது. கடலை முளைத்து நாலு இலை விட்டு நிற்கிறது, அப்போது வருகிறது அந்தப் பாழாய்ப்போன மழை. அதுவும் ஒரே மழையாகக் கொட்டித் தீர்க்கவில்லை. ஒரு நாள் பெய்து ஒரு வாரம் காய்ந்து, மறுபடி பெய்து, மறுபடி காய்ந்தது. மழை பிய்த்துப் பிய்த்துப் பெய்தால் பூச்சியும் பிய்த்துப் பிய்த்துத்தான் வரும் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

முதல் மழைக்குப் பிறகு பூச்சி வந்தது. ஊரே கொளுத்தினோம். வெள்ளை இறகும் சிவப்பு விளிம்புமாக அவை விழுந்து துடிப்பதை நானும் என் தங்கச்சியும் வரப்பில் நின்று பார்த்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். "ஒழிஞ்சுது சனியன்" என்று மண்ணை வாரித் தூற்றினாள் அவள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். கொளுத்தியாயிற்று, முடிந்தது. இருந்த டயரும் தட்டும் தீர்ந்துபோயிருந்தன.

இரண்டாவது மழைக்குப் பின்னால் மறுபடியும் பூச்சி வந்தது. ஒரு வருஷத்தில் இரண்டு முறை தீ மூட்டுவது என்பது எங்கள் ஊரில் கேள்விப்படாத சங்கதி. யாரும் அசையவில்லை. என் கொழுந்தனார் மட்டும் கிளம்பினார். அவர் காட்டில் ஒரு போர் போட்டிருந்தார். தண்ணீர் வரவில்லை, ஆனால் மோட்டாருக்கு வாங்கிய கரண்டும், தண்ணீர் தேக்கக் கட்டிய சிமெண்டுத் தொட்டியும் மிச்சமிருந்தன. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மண்ணெண்ணெய் கலந்து, மேலே ஒரு பெரிய பல்பைத் தொங்கவிட்டார். கல்யாண வீட்டு பல்பு மாதிரி ஜொலித்தது.

என் வீட்டுக்காரர் வரப்பில் நின்று சொன்னார். "தனியாப் போடாதடா. ஊரே போட்டா பூச்சி பிரிஞ்சு விழும். நீ மட்டும் போட்டா ஊருப் பூச்சியெல்லாம் உன்ற காட்டுக்குத்தான் வரும்."

"வரட்டுமுங்கண்ணா. வந்து சாகட்டும்" என்றார் அவர். "உங்களுக்கு டயரு கொளுத்தத்தான் தெரியும். இது சயின்ஸுங்க."

அவர் என்னைப் பார்த்து, "என்னுங்க நங்கை, நாஞ் சொல்றது?" என்றும் கேட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரித்துவிட்டு வந்தேன். எனக்கென்ன தெரியும்?

வந்தன. நாலு திசையிலிருந்தும் வந்தன. தொட்டி நிரம்பி, மேலே பூச்சி ஒரு ஆடை மாதிரி மிதந்தது. கொழுந்தனார் காலையில் அதை அன்னக்கூடையில் அள்ளி எல்லோருக்கும் காட்டினார். தொட்டியில் விழாதது எத்தனை என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு விருந்தாட வந்த ஒறம்பரையில் பாதி தொட்டியில் செத்தது, மீதிப் பாதி அவர் காட்டிலேயே குடித்தனம் போட்டுவிட்டது. சில நாளில் என் தங்கச்சி ஒரு கடலை இலையைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் கடுகு கொட்டின மாதிரி மஞ்சள் முட்டை. அடுத்த செடியிலும் இருந்தது, அதற்கு அடுத்ததிலும் இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது. "அக்கா, இதென்னக்கா இப்படி" என்றாள். இரண்டு பேரும் இலையைக் கிள்ளிக் கிள்ளி மண்ணெண்ணெயில் போட்டோம். முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். ஏக்கர் கணக்கில் கிடக்கிற முட்டையை இரண்டு பொம்பளைகள் கையால் கிள்ளித் தீர்க்க முடியுமா?

புழு பொரிந்தது. முதலில் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கியது. பிறகு முடி முளைத்து, சுண்டுவிரல் தடிமனுக்குச் சிவந்து கறுத்து வளர்ந்தது. ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் களையில் கிடக்கிற புழு ஒரு செடியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து தின்னும். அந்த வருஷத்துப் புழு நிற்கவே இல்லை. வெயிலில் காய்ந்து தடித்துப்போன இலையில் சத்து இல்லையோ என்னவோ, ஒரு செடியைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடியது. வயிறு நிறையாத பிராணி அது. மதியத்தில் அவர்கள் காட்டில் நின்றால் மெல்லுகிற சத்தம் கேட்கும், தூறல் விழுகிற மாதிரி. கொழுந்தனார் பூச்சிமருந்துப் பவுடரைத் துணி மூட்டையில் கட்டி உதறிக்கொண்டே ஓடினார். சின்னப் புழுவாக இருந்தபோது போட்டிருந்தால் செத்திருக்கும். வளர்ந்த புழு பவுடரை மயிரில் சுமந்துகொண்டு அப்படியே தின்றது. ஒரு வாரத்தில் அவர்கள் காடு முடிந்தது. இலை இல்லை, இளந்தண்டு இல்லை. விளக்குமாற்றுக் குச்சியை நட்டு வைத்த மாதிரி இருந்தது.

அடுத்தது நாங்கள். பச்சை என்று ஒன்று அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்தது எங்கள் காட்டில்தான்.

கம்பளிப்புழு கூட்டமாக நகரும்போது பள்ளம் வெட்டுவார்கள். முழங்கால் ஆழம். புழு வருகிற பக்கம் சரிவாக, பயிர் இருக்கிற பக்கம் செங்குத்தாக, சுவர் மாதிரி. சரிவில் இறங்குகிற புழு இந்தச் சுவரில் ஏற முடியாமல் உதிர்ந்து உதிர்ந்து விழும். உள்ளே எருக்கந்தழையைப் போட்டு வைத்தால் வெயிலுக்கு அதன் அடியில் போய் ஒண்டும். அப்போது மொத்தமாகக் கொல்லலாம். நானும் என் வீட்டுக்காரரும் விடிந்ததிலிருந்து வெட்டினோம். வரப்பு பூராவும் கல். மம்முட்டி போட்டால் பொறி பறந்தது. அவர் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று, தம்பியின் காட்டு மண்ணில் வெட்ட ஆரம்பித்தார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமுங்களே" என்றேன்.

"அங்கதான் ஒண்ணுமில்லையே" என்றார்.

அது அவருக்குச் சாதாரணப் பேச்சு. தப்பாக எதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது அது தப்பாகப் படவில்லை.

புழு வந்தது. முன்வரிசை பின்வரிசை என்றெல்லாம் இல்லை, தரையே நகர்ந்தது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. நாங்கள் உள்ளே இறங்கி மிதித்தோம். டயர்ச்செருப்புக்கு அடியில் புழு சறுக்கும். பச்சைத் தண்ணீர் கணுக்கால்வரை தெறிக்கும். மயிர் பட்ட இடமெல்லாம் தடித்து எரியும். கையைச் சொறிந்தால் ரத்தம் வந்தது. நான் உலக்கையைக் கொண்டுவந்து இடித்தேன். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். ஒவ்வொரு இடிக்கும் வாய்விட்டுத் திட்டினேன். சூலூரைத் திட்டினேன், தறியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். சுவரின் மேலே, வரப்பைத் தாண்டினதும் எங்கள் கடலையின் முதல் வரிசை நின்றது. அதில் ஒரு புழுகூட ஏறவில்லை. எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு மர நிழலுக்குப் போயிருந்தோம். திரும்பிப் பார்த்தால் கொழுந்தனார் பள்ளத்து ஓரத்தில் நின்று மம்முட்டியால் மண்ணை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். மெதுவாக, வேலைக்காரன் மாதிரி. ஒரு ஆள் நீளத்துக்கு மூடியே விட்டார். அந்த வழியாகப் புழு வரப்பை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு ஓடினார். "என்னடா பண்றே?"

"என்ற காட்டை நான் மூடறேன்."

"புழு ஏறுதுடா அந்தப் பக்கம்."

"ஏறட்டும். எங்கிட்டத்தான் ஒண்ணுமில்லையே. நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்களே." நாங்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. "தம்பி காட்டுல ஒண்ணுமில்லை, தோண்டிக்கலாம். அப்படித்தானுங்கண்ணா?"

"மம்முட்டியக் கீழ போடு."

"வெளிச்சம் போட்டப்பச் சிரிச்சீங்கல்ல? இப்பச் சிரிங்க."

என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். வெட்டிப் போட்ட மண்மேட்டில், செத்த புழுக் குவியலில், உயிரோடு நகர்கிற புழுக்களின் மேல் உருண்டார்கள். கொழுந்தனார் அண்ணனின் தோளைக் கடித்தார். சதையைப் பிய்க்கிற மாதிரி கடித்தார். இவர் அலறிக்கொண்டு உதறினார். நான் கத்தினேன், யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கொழுந்தனார் எழுந்து மறுபடி மம்முட்டியை எடுத்தார். அண்ணனை அடிப்பதற்கு எடுக்கவில்லை. மண்ணை இழுக்கத்தான் எடுத்தார். அதை நான் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். குனிந்து மண்ணைத்தான் இழுத்தார். என் வீட்டுக்காரர் தன் மம்முட்டியைத் திருப்பி, அதன் பின்பக்கத்தால் அவர் மண்டையில் போட்டார்.

தேங்காய் உடைக்கிற சத்தம்தான். கொழுந்தனார் குப்புற விழுந்தார், பள்ளத்துக்குக் குறுக்கே. கால் அந்தப் பக்கம், நெஞ்சும் தலையும் எங்கள் பக்கம். காதோரமாக ரத்தம் வழிந்து எங்கள் மண்ணில் ஊறியது. என் வீட்டுக்காரர் மம்முட்டியைத் தொங்கவிட்டபடி நின்றார். அவர் கண்ணில் உயிரே இல்லை.

நான் ஓடிப்போய்க் கொழுந்தனார் தலையைத் தூக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். புழு அவர் மேல் ஏறியது. பள்ளத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்தவற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. குதிகால், கெண்டைக்கால், வேட்டி, கிழிந்த சட்டை, முதுகு, தோள். அவர் கழுத்து வழியாக இறங்கி எங்கள் கடலையின் முதல் வரிசைக்கு நடந்தன. அவசரமே இல்லாமல் நடந்தன. அவர் மூச்சு விடும்போது முதுகு ஏறி இறங்கியது, அவற்றுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. என் கை அவர் தலைக்கும் செடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. எதை முதலில் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் தங்கச்சி அவர்கள் காட்டுக் குடிசையான சாளையிலிருந்து ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள், மம்முட்டியோடு நிற்கிற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவள் மாரில் அடித்துக்கொண்டு விழப்போகிறாள், இல்லாவிட்டால் எங்கள் மேல் பாயப்போகிறாள் என்று நினைத்தேன். பாய்ந்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குனிந்து அவர் மூக்கில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் காட்டைப் பார்த்தாள்.

"எந்திரிக்கா" என்றாள். "புழு ஏறுது பாரு. மொதல்ல காட்டைப் பாரு."

புருஷனின் இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். மூட்டையை இழுக்கிற மாதிரி அவரைப் பின்னால் இழுத்தாள். அவர் முகம் மண்ணில் உரசிக்கொண்டே பள்ளத்தைத் தாண்டிப் போனது. மேலே இருந்த புழுவெல்லாம் உதிர்ந்து உள்ளே விழுந்தது. அவர் முனகினார். உயிர் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது. அவள் சீலைத்தலைப்பைக் கிழித்து அவர் தலையில் இறுக்கிக் கட்டினாள். இதையெல்லாம் செய்துகொண்டே, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பாமல், என்னிடம் சொன்னாள். "அடிச்சவருதானக்கா? அவரே தூக்கிட்டுப் போகச் சொல்லு."

என் வீட்டுக்காரர் மம்முட்டியைப் போட்டுவிட்டுத் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கடிபட்ட அதே தோள். ஏதோ ஒரு டெம்போவை நிறுத்தி ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று பிறகு தெரிந்தது.

காட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் கொழுந்தனாரின் மம்முட்டியை எடுத்து, அவர் மூடின மண்ணை மறுபடி வாரிப் போட்டாள். நான் வரிசைக்குள் நுழைந்த புழுவைச் சீமாற்றால் அடித்துப் பள்ளத்தில் தள்ளினேன். அடித்தோம், மிதித்தோம், இடித்தோம். அவள் வெறுங்காலோடு இருந்தாள். பாதமெல்லாம் வீங்கிச் சிவந்தது. ஒரு சொட்டு அழவில்லை. நான் ஒரு தடவை "கண்ணு, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். காதில் விழாத மாதிரி மிதித்துக்கொண்டே இருந்தாள். பொழுது இறங்கும்வரை அப்படியே நின்றாள். கிழக்கோர வரிசைகளில் கொஞ்சம் போய்விட்டது. காடு நின்றது.

பிறகுதான் இருவரும் பஸ் ஏறினோம். தலையில் நிறையத் தையல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. இடது கண்ணுக்குள் புழுமயிர் போயிருந்தது. எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "பள்ளத்துல விழுந்துட்டாருங்க. மம்முட்டி மேல." டாக்டர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அதையே இன்னொரு தடவை சொன்னாள். கேஸ் ஆகவில்லை.

மறுநாள் அவருக்கு நினைவு தெளிந்தது. முதலில் கேட்டது ஒன்றுதான். "ஏறிருச்சா?"

"ஏறலை" என்றாள் என் தங்கச்சி.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசையாகக் கேட்டாரா, பயந்து கேட்டாரா என்று உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. தலையில் கட்டோடு கிடக்கிறவரை என்ன கேட்பது, வெளியே வந்துவிட்டேன். இடது கண் அவருக்கு அதன் பிறகு சரியாகத் தெரியவில்லை, நிழல் மட்டும்தான் ஆடும் என்பார். அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது மழைக்குப் பூச்சி வந்தபோது ஊரே சேர்ந்து கொளுத்தியது. யார் சொல்லியும் இல்லை, அவர்கள் காட்டைப் பார்த்த பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் காடு விளைந்தது. மூன்றாவது மழை அதற்குத் தோதாக விழுந்ததில் காய் பிடித்தது. அந்த வருஷம் அக்கம்பக்கத்தில் கடலைக்காய் ஒழுங்காக எடுத்தது நாங்கள் மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம். என் வீட்டுக்காரர் சூலூர்ப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் செடி பிடுங்கும்போது கிழக்குப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

செடியிலிருந்து காயைப் பறித்துப் போட எங்கள் பக்கத்தில் பெண்களைக் கூப்பிடுவோம். பறிக்கிறவள் தன் குவியலைத் தனியாகப் போடுவாள். பொழுது சாய வள்ளம் என்கிற படியால் அளந்து, அதில் ஒரு பங்கைக் கூலியாகக் காயாகவே கொடுப்போம். அன்றைக்கு ஊர்ப் பெண்களோடு என் தங்கச்சியும் வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவேன்? வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, ஒரு கோணியை விரித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுத்த மாதிரி வாங்கிக் குடித்தாள்.

அளக்கிற நேரம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அளந்து போட்டேன். அவள் குவியல் முன்னால் வந்ததும் வள்ளத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீ கோணியக் கொண்டா. மொத்தக் காயில பாதி உன்னுது" என்றேன். "நீ இல்லைன்னா இந்தக் காடே இல்லை. எனக்குத் தெரியாதா?"

"கூலி போதுங்க்கா."

"கூலியா? கூடப் பொறந்தவளுக்கு நான் கூலி அளக்கறதா? ஊர் சிரிக்கும் புள்ள. அவங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நாமளும் அப்படியே போயர்றதா? உன்ற ஊட்டுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பேசாமப் பாதிய எடுத்துக்க." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவள் குவியலைக் காலால் தள்ளி எங்கள் பெரிய குவியலோடு கலக்கப் போனேன்.

அவள் என் காலைப் பிடித்து நிறுத்தினாள். பலமாகப் பிடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதியக் குடுத்தீன்னா அன்னைக்கு அவரை அடிச்சதுக்கு ஈடாயிரும்க்கா" என்றாள். "ஈடாகக் கூடாது."

சுற்றிலும் தங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் என் காலை விட்டுவிட்டு முந்தானையை விரித்தாள்.

"அளந்து போடு. பொழுது போயிருச்சு."

நான் வள்ளத்தை எடுத்து, தலை தட்டி, அவள் கூலியை அளந்து போட்டேன்.